அம்முலு சொன்ன சாட்சி

உத்திரமேரூரில் பழைய வண்டி வைத்திருப்பவன் எவனும் என் ஷெட்டுக்கு வராமல் தப்ப முடியாது. முப்பது வருஷமாக இஞ்சின்களைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். புருஷோத்தமனுக்கு வாய் நீளம், ஆனால் வேலை சுத்தம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் இப்போது சொல்ல வந்தது அம்முலுவைப் பற்றி. அதில் பெரிய தப்பு என்னுடையது.

அம்முலு, டிரைவர் தானியேலின் மனைவி. கல்யாணமாகி வந்த மறுவாரமே ஊரின் பெரிய நிலக்காரர் வீராசாமியின் கழனியில் நடவுக்கு இறங்கியவள். அவளோடு வரிசையில் நிற்க மற்ற பெண்கள் பயப்படுவார்களாம். இவள் கை வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் வரிசை கோணிக்கொண்டு போகும். பிள்ளை இல்லை. அதை யாராவது இழுத்துப் பேசினால், "ஒனக்கு கீற மூணும் ஒன்ன இன்னா ராணியாவா வச்சிக்கினு கீது?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள். எனக்கு அவளைப் பிடிக்கும். என்னைப் போலவே நாக்கில் முள் வைத்திருந்தாள்.

முப்பத்தெட்டாவது வயதில் ஒரு நாள் கழனியிலிருந்து வரப்பில் ஏறினாள். வரப்பு முழுக்க ரத்தம். உள்ளங்காலில் பாட்டில் துண்டு ஒன்று பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் கத்திய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. சர்க்கரை வியாதி முழங்காலுக்குக் கீழே உணர்ச்சியைத் தின்றுவிட்டிருந்தது. அதோடு நடவு நின்றது. மூன்று வருஷத்தில் கிட்னி இரண்டும் போயிற்று. மூத்திரம் சுத்தமாக நின்றுபோனது.

அதற்குப் பிறகு அவள் உயிர் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு நாளும் காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் டயாலிசிஸ். மெஷினை விட்டு இறங்கினால் நிற்க முடியாது, பஸ்ஸில் எப்படி வருவாள்? தானியேல் வீராசாமியின் டிராக்டரை ஓட்டிச் சேர்த்ததையெல்லாம் போட்டு ஊட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பழைய டீசல் காரை வாங்கினான். இருபத்துநாலு வயதுக் கிழட்டு வண்டி. நான்தான் பார்த்து வாங்கிக்கொடுத்தேன்.

அந்த வண்டி போன தை மாதத்திலிருந்து தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. ஒருமுறை காஞ்சிபுரம் போய்வந்தால் ரேடியேட்டரில் ஒரு பாட்டில் குறையும். நாங்கள் யாரும் காசு கொடுத்து, இஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் வாங்கி ஊற்றுவதில்லை. "போர் தண்ணியே போதும்டா, அந்தப் பச்சக் கலர் கூலன்ட்ல இன்னா கீது" என்று தானியேலுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். போர் தண்ணீர் இஞ்சினுக்குள் துருவோடு சேர்ந்து மஞ்சளாகிவிடும். ஆகட்டுமே, இஞ்சினுக்கு என்ன கண்ணா இருக்கிறது என்று நினைத்தேன்.

தண்ணீர் எங்கே போகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றினேன். ரேடியேட்டர் மூடியை மாற்றினேன். வாட்டர் பம்ப்பை இரண்டு முறை கழற்றினேன். தண்ணீர் இஞ்சினுக்குள்ளேயே இறங்கினால் ஆயில் பால் போல வெளுத்துவிடும், சைலென்சரில் வெள்ளைப் புகை தள்ளும். அதுவும் இல்லை. வண்டிக்கு அடியில் பேப்பரை விரித்துப் பார்த்தால் பேப்பர் காய்ந்தே கிடந்தது. எனக்கு வந்த எரிச்சலில் வாயில்லாத வண்டியைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை காஞ்சிபுரம் போகும் வழியில் மாகறல் தாண்டும்போது இஞ்சின் கொதித்து நின்றே போனது. அரை மணி நேரம் ஆறவைத்துத்தான் அன்றைக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். நடுவழியில் ஒரேயடியாக நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அடுத்த புதன்கிழமை தானியேல் வண்டியைக் கொண்டுவந்து சாவியை என் கையில் கொடுத்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. அவன் சிரித்து நான் பார்த்து இரண்டு வருஷம் இருக்கும்.

"பொறுமையா பாருண்ணா. அவசரம் இல்ல. நேத்து நாங்க ஆஸ்பத்திரிக்கே போல."

"இன்னாடா ஒளர்ற?"

"அம்முலுக்கு மூத்திரம் வர ஆரம்பிச்சிடுச்சிண்ணா. ஒரு மாசமா வருதாம். கூச்சப்பட்டுக்கினு என்னாண்ட கூட சொல்லல. ஞாயித்துக்கெழம சர்ச்சுல எய்ந்து நின்னு சாட்சி சொல்லிட்டா. ஆஸ்பத்திரிக்குப் போற வழிலயே ஆண்டவர் என்னத் தொட்டாருன்னா. சர்ச்சே அழுதிச்சி."

கோயிலுக்குப் போகிறவன் நான். சாட்சி என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். தனக்கு நடந்த நல்லதைச் சபை நடுவில் எழுந்து சொல்வது. சொன்னால் சொன்னதுதான், அது கடவுள் பேரில் சொன்ன வார்த்தை. அன்று வீட்டுக்கு வந்ததும் அம்முலு ஒரு சொம்பு மோரை ஒரே மூச்சில் குடித்தாளாம். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் தொண்டையில் இறங்கக் கூடாதென்று இரண்டு வருஷமாகக் கட்டுப்பட்டிருந்தவள்.

"டாக்டராண்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றேன்.

"அடுத்த வாரம் போய் காட்டலாம்னு சொல்றா. அவ சந்தோசத்த ஏண்ணா கெடுக்கணும்?"

நானும் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்லவில்லை. டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினேன்.

சனிக்கிழமை மதியம் வரைக்கும் அந்த வண்டியோடு மல்லுக்கட்டினேன். ஒரு மணி நேரம் இஞ்சினை ஓடவிட்டு, அடியில் படுத்து, மேலே குனிந்து, முதுகு விட்டுப்போயிற்று. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இடப்பக்க சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தேன். அம்முலு எப்போதும் உட்காரும் சீட். வலது காலில் சுரீரென்று சுட்டது. ரப்பர் மேட்டைத் தூக்கினேன். அடியில் பழைய புடவைத் துணி ஒன்று நாலாக மடித்துக் கிடந்தது. பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஈரம். மஞ்சள் ஈரம்.

டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டேன். ஹீட்டர். குளிர் ஊரில் வண்டிக்குள் சூடு வருவதற்காக, இஞ்சினின் வெந்நீரை உள்ளே கொண்டுவரும் சின்னப் பெட்டி. அது ஓட்டையாகி, உட்காருபவரின் கால்மாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. மார்கழியிலும் வியர்க்கிற ஊரில் ஹீட்டரை எவன் நினைப்பான்? பாதி வண்டிகளில் அந்தக் குழாயையே நாங்கள் வெட்டி இணைத்துவிடுவோம். ஊட்டி வண்டி என்று தெரிந்தும் இதை நான் பார்க்கவில்லை.

அப்புறம்தான் எனக்கு விளங்கியது, இதைத்தான் அவள் மூத்திரம் என்று நினைத்திருக்கிறாள். கூச்சத்தில் துணியைப் போட்டுத் துடைத்து, வீட்டுக்கு எடுத்துப்போய் யாருக்கும் தெரியாமல் அலசியிருக்கிறாள். அதனால்தான் எனக்கு ஒரு சொட்டும் கிடைக்கவில்லை. சூடு அவள் காலுக்குத் தெரியாது. புடவை ஓரம் நனைந்தது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பச்சைக் கூலன்ட்டை ஊற்றியிருந்தால் அதை யாராவது மூத்திரம் என்று நினைப்பார்களா? மஞ்சளாக்கிக் கொடுத்தது நான்.

தானியேலுக்குப் போன் செய்தேன். வந்தான். துணியைக் காட்டினேன். அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"நேத்துலேர்ந்து மூச்சு வாங்குதுண்ணா. மொகமெல்லாம் வீங்கிக்கினு கீது. மோர் ஒத்துக்கலன்னு சொன்னா" என்றான்.

ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாயையும் பிடுங்கி, ஒன்றோடு ஒன்று இணைத்துக் கிளிப் போட்டேன். பத்து நிமிஷ வேலை. அவன் வீட்டுக்கு வண்டியை நானே ஓட்டினேன்.

அம்முலு சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். ஆனாலும் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று தலையாட்டினாள். "சரியாப் போச்சின்னு டாக்டரே அவர் வாயால சொல்லட்டும், வா" என்று தானியேல் பொய் சொல்லி அழைத்து வந்தான். அலமாரியிலிருந்து துவைத்த துணி ஒன்றை எடுத்துவந்து, முன் சீட்டில் உட்கார்ந்து, அதைத் தானே காலுக்கடியில் விரித்துக்கொண்டாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

மாகறல் தாண்டியதும் குனிந்து துணியைத் தொட்டாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி தொட்டாள்.

"இன்னிக்கி வரலயே" என்றாள்.

பின்சீட்டில் இருந்த தானியேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அம்முலு அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவள் ஒன்றும் மக்கு இல்லை.

"வண்டித் தண்ணி எங்க போச்சின்னு தெரிஞ்சிதாண்ணா?"

ஊரெல்லாம் வாய் நீளம் என்று சொல்லும் எனக்கு அந்த நேரத்தில் ஒரு பொய் கிடைக்கவில்லை.

"ஒன் காலாண்டதாம்மா ஒயுகிக்கினு இருந்திச்சி."

அவள் அழவில்லை. துணியை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "சர்ச்சுல சாட்சி சொல்லிட்டேனே" என்றாள். பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது என் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் ரெண்டு நாளு கயிச்சி கண்டுபுடிச்சிருக்கக் கூடாதாண்ணா?"

ஆஸ்பத்திரியில் உடனே மெஷினில் போட்டார்கள். டாக்டர் வெளியே வந்து எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்துக் கத்தினார். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் பொணத்தைத்தான் கொண்டுவந்திருப்பீர்கள் என்றார்.

அவர் போனதும் தானியேலிடம் சொன்னேன், "டாக்டர் சொன்னத கேட்டியா? பாவம், ரெண்டு நாளு கயிச்சின்னு அவ தெரியாம கேட்டுட்டா."

அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

"தெரிஞ்சிதாண்ணா கேட்டா" என்றான்.