எடைமேடை நின்ற காலை

மாயவன்மேல் விழுந்த முதல் அடி எடைமேடை அறையின் கண்ணாடியைத் தாண்டி உள்ளே கேட்டது. அம்சவள்ளி திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தச் சத்தம் அவளுக்குப் புதிதில்லை. தா.பழூரில் அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கும்போதெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். பெரம்பலூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியின் எடைமேடையில் சேர்ந்தாள். கல் லாரியை எடை பார்த்துச் சீட்டு தருவதுதான் வேலை. சீட்டில்லாமல் போனால் வழியில் அதிகாரிகள் வண்டியைப் பிடித்துவிடுவார்கள். அதனால் சீட்டில்லாத வண்டிக்குக் கேட்டைத் திறக்கக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு.

அன்று காலை கரன்ட் போய் வந்தபின் எடைகளைச் சேர்த்துவைக்கும் டேட்டாபேஸ் சர்வர் எழவேயில்லை; அது எழாமல் சீட்டு வராது. லாரிகள் வெயிலில் நின்றன. டிரைவர்கள் காவலாளி மாயவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"கேட்டைத் தொறடா."

"சீட்டு வராம தொறக்க மாட்டேன்."

"ஒங்கொப்பன் வூட்டு கேட்டா?" முன்னால் நின்ற டிரைவர் வேல்முருகனின் ஜாக்கி ராடு மாயவனின் முழங்கையில் இறங்கியது.

சர்வர் ஏன் எழவில்லை என்பதை, அது தன் நடப்பை எழுதிவைக்கும் லாக்கில்தான் தேட வேண்டும். வழக்கமான ஃபோல்டரில் இன்றைய பதிவே இல்லை. போன மாதத்தோடு நின்றிருந்தது. அப்போது ஒரு கல் கண்ணாடியை உடைத்து உள்ளே வந்தது. நெற்றியிலிருந்து வழிந்த இரத்தத்தைத் துப்பட்டாவால் துடைத்தபடி அவள் யோசித்தாள். தன் லாக்கைத் திறப்பதற்கு முன் சர்வர் சொல்லும் முதல் வார்த்தைகள் விண்டோஸின் பதிவேட்டுக்குத்தானே போகும்?

அதைத் திறந்தாள். இனி லாக் E டிரைவில் வரும் என்று போன மாதப் பதிவு ஒன்று. சர்வீஸுக்கு வந்தவர் சொல்லாமல் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். E டிரைவில் லாக்கைத் திறக்க முடியவில்லை, நிறுத்துகிறேன் என்று இன்றையது.

E என்பது மேசைக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஹார்ட் டிஸ்க். கண்ணாடித் துண்டுகள்மேல் முட்டி போட்டுக் குனிந்தாள். அதன் வயர் பிடுங்கப்பட்டுக் கிடந்தது. அது சொருகியிருந்த ஓட்டையில் ஒரு போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பின்பக்கம் செட்டிகுளம் முருகன் ஸ்டிக்கர். மாயவனின் போன்.

வெளியே இன்னொரு அடி விழுந்தது. போனைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு, ஹார்ட் டிஸ்க் வயரைச் சொருகிச் சர்வரை ஓடவிட்டாள். எழுந்தது.

கதவை உதைத்துக்கொண்டு வேல்முருகன் உள்ளே வந்தான். "எவன் பண்ணுன வேல இது? சொல்லு, இங்கயே பொதைக்கிறேன்."

"வயர் லூசாயிடுச்சு. சீட்டு வரும், வண்டிய மேடையில ஏத்துங்க."

வாசலில் தொங்கும் கையைப் பிடித்தபடி, வாயெல்லாம் இரத்தமாக மாயவன் வந்து நின்றார். "பாப்பா, என் போனு... ஒன் மேசைக்குப் பின்னாடி சார்ஜு..."

"இங்க எந்தப் போனும் இல்லண்ணே." அவள் குரல் அவ்வளவு உயர்ந்து அங்கே யாரும் கேட்டதில்லை.

வேல்முருகன் மேசையைப் பார்த்தான். பிறகு அவளை.

"மொதல் சீட்டு ஒங்களுக்குத்தான். ஏத்துறீங்களா, பின்னால நிக்கிறவரக் கூப்புடட்டுமா?"

அவன் ராடைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்கு ஓடினான்.

மாயவனை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றும்போது, அவர் சட்டைப் பையில் போனை வைத்தாள்.

"சார்ஜ் ஏறிடுச்சுண்ணே. இனிமே அங்க போடாதீங்க."