ஒன்பதாம் கிணற்றின் மேல் அடித்த கோடு

மலையடிவாரத்து ஊரில் எல்லோரும் அவளை அளவுக்காரி என்றே அழைத்தார்கள். பெற்றோர் வைத்த பெயர் பணிப்பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. நிலத்தடி நீர்த்துறையின் கிளை அலுவலகத்தில் கிணறுகளை அளப்பது அவள் வேலை. மலைக்குடியிலிருந்து அரசுப் பணிக்குப் போன முதல் பெண் அவள்தான். பதினெட்டு ஆண்டுகளாகச் செவ்வாய்க்கிழமைதோறும், துறையின் பழைய ஜீப்பில் ஏறி, பதினான்கு கண்காணிப்புக் கிணறுகளை ஒன்றுவிடாமல் அளந்துவந்தாள்.

அவை கயிறும் வாளியும் விட்டு நீர் இறைக்கும் கிணறுகள் அல்ல. கையகலமே உள்ள இரும்புக் குழாய்கள். பூட்டிய மூடியின் மேல் வெள்ளை வண்ணத்தில் எண் எழுதியிருக்கும். எஃகு டேப்பின் கடைசி ஒரு மீட்டருக்குச் சாக்கட்டியைத் தேய்த்து, ஏதேனும் ஒரு முழு மீட்டர்க் குறி குழாயின் விளிம்புக்கு நேராக வரும்வரை உள்ளே இறக்கி, பிறகு மேலே சுருட்டுவாள். நனைந்த பகுதியில் சாக்கட்டிப் பூச்சு கறுத்துக் காட்டும். முழு மீட்டரிலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால், தண்ணீர் எத்தனை ஆழத்தில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். இதை ஒரு கிணற்றுக்கு மூன்று முறை செய்வாள். துறை கேட்டது ஒரு முறைதான்.

"இவ வீட்டுக் கதவைப் பூட்டிட்டு மூணு தடவை இழுத்துப் பார்ப்பா. கதவே அலுத்துப்போய், 'பூட்டித்தான் இருக்கேன், போம்மா'ன்னு சொல்லும்" என்பாள் அவளுடைய அண்ணி.

அளவுக்காரி சிரித்துக்கொள்வாள். ஆனால் அந்த ஊரில் இரண்டு பேருக்குள் எல்லைத் தகராறு வந்தால் அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவள் சொன்ன நீளத்தை மறு பேச்சின்றி இரு தரப்பும் ஏற்றன. அவளுக்கு அது உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமையை அவள் மறைத்ததுமில்லை.

எழுதுவதிலும் அவளுக்கு ஒரு முறை உண்டு. புத்தகத்தில் கார்பன் தாள் வைத்துத்தான் எழுதுவாள். மேல் தாள் அலுவலகத்துக்கு, அடித்தாள் அவளிடம். ஓர் எண் தவறென்று பட்டால் கிறுக்கி அழிக்கக் கூடாது. கீழே உள்ள எண் தெரியும்படி ஒரே ஒரு கோடு அடித்து, காரணம் எழுதி, கையெழுத்திட வேண்டும். பதினெட்டு ஆண்டுகளில் அவள் அடித்த கோடுகள் மொத்தமே மூன்று.

அப்படியிருக்கையில்தான் அந்தச் சுரங்க நிறுவனம் வந்தது. ஊருக்கு மேற்கே உள்ள மலைமுகட்டில் யுரேனியம் இருக்கிறதாம். அதை வெட்டியெடுக்க அனுமதி கேட்டிருந்தது. முகட்டின் மறுசரிவிலிருந்து பறவைகள் சரணாலயம் தொடங்குகிறது. நடுவில் இருப்பது ஒரு கம்பிவேலி மட்டும். சரணாலயத்தின் சதுப்பு நிலத்திலிருந்து கசிந்து வரும் ஊற்றுகளைத்தான் மலைக்குடிகளின் ஏழு ஊர்களும் குடித்தன.

எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர் அளவுக்காரியின் அண்ணன். தச்சர். அவருடைய பட்டறையே எதிர்ப்புச் சங்கத்தின் அலுவலகம் ஆயிற்று. அவர் பேச எழுந்தால் மரத்தூள் பறக்கும்.

"நம்ம தாத்தா காலத்துல வேலி போட்டாங்க. இது காடு, நீங்க வெளிய நில்லுங்கன்னாங்க. நின்னோம். காய்ஞ்ச குச்சி பொறுக்கினாக்கூடப் பிடிச்சு உட்கார வெச்சாங்க. இப்போ வேலிக்கு இந்தப் பக்கம் மலையையே உடைச்சு அரைக்கலாமாம். குச்சி பொறுக்கினா பறவை பயப்படும், வெடி வெச்சா பயப்படாதா? எந்தப் பறவைய்யா அது?"

கூட்டம் சிரிக்கும், அடுத்த நொடியே கொதிக்கும். அளவுக்காரி அரசுப் பணியாளர் என்பதால் பட்டறைக் கூட்டங்களுக்குப் போகாமல் இருந்தாள். நிறுவனத்தின் சுற்றுச்சூழல் அறிக்கை வந்து சேரும்வரைதான் அந்த ஒதுக்கம் நீடித்தது.

அறிக்கை நானூறு பக்கத்துக்கு மேல் இருந்தது. அண்ணன் தையலைப் பிரித்து, ஆளுக்கொரு அத்தியாயமாகக் கொடுத்துவிட்டு, தண்ணீரைப் பற்றிய பகுதியை மட்டும் தங்கைக்கு எடுத்துவைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் காலையில், இழைத்த பலகைகள் சாத்தியிருந்த சுவரோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அவள் அதைப் படித்தாள்.

அறிக்கையின் வாதம் எளிமையானது. முகட்டுக்கும் சதுப்பு நிலத்துக்கும் நடுவே நிலத்தடியில் உடையாத பாறைச்சுவர் நிற்கிறது. இந்தப் பக்கத்து நீர் அந்தப் பக்கம் போகாது. ஆகவே சுரங்கத்தின் கழிவுச்சேற்றை முகட்டில் எத்தனை காலம் தேக்கினாலும் ஊற்றுகளுக்குத் தீங்கில்லை. சான்றாக, முகட்டில் ஆழ்துளை போட்டு மூன்று நாள் இடைவிடாமல் மோட்டார் ஓட்டி நீரை வெளியேற்றிப் பார்த்தார்களாம். சரணாலயத்துக்குள் இருக்கும் ஒன்பதாம் எண் கிணற்றில் எந்த மாற்றமும் பதிவாகவில்லையாம். பதிவு யாருடையது என்பதும் அடிக்குறிப்பில் இருந்தது. அவளுடையதுதான்.

மோட்டார் ஓட்டிய தேதிகளைப் படித்ததும் அவள் எழுந்துவிட்டாள்.

"என்ன, கால் மரத்துப்போச்சா?" என்றாள் அண்ணி.

"இல்ல அண்ணி. வீட்டுக்குப் போய் ஒரு புத்தகம் எடுத்துட்டு வரணும்."

மோட்டார் ஓடிய மூன்று நாட்களுக்குள் ஒரு செவ்வாய்க்கிழமையும் வந்திருந்தது; இரண்டு ஆண்டுக்கு முந்தைய அடித்தாளில் அது இருந்தது. அன்று அவளுடைய பழைய டேப் கைப்பிடி உடைந்து பழுதுபார்க்கப் போயிருந்தது; அலுவலகம் புதிய டேப் ஒன்றைக் கொடுத்தது. ஒன்பதாம் கிணற்றில் தண்ணீர் எப்போதும் பதினொன்றே கால், பதினொன்றரை மீட்டரில் நிற்கும். பன்னிரண்டு மீட்டர் இறக்கினால் சாக்கட்டிப் பூச்சு நனையாமல் வந்ததே இல்லை. அன்று காய்ந்தே வந்தது. பதின்மூன்று இறக்கியபோதுதான் நனைந்தது. மூன்று முறையும் ஒரே அளவு: பன்னிரண்டு மீட்டர் ஐந்து சென்டிமீட்டர். எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் பழைய டேப் வந்தது; தண்ணீரும் பழைய இடத்திலேயே நின்றது. அவ்வளவுதான், குற்றம் புதிய டேப்பின் தலையில் விழுந்தது. ஒற்றைக் கோடு அடித்து, "கருவிப் பிழை" என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அலுவலகத்திலும் அந்த எண் கணக்கில் சேரவில்லை. பதினாறு ஆண்டு கையில் புழங்கிய டேப் பொய் சொல்லாது என்ற நம்பிக்கை அவளுக்கு.

இப்போது அதே தாளை முழுதாகப் படித்தாள். அன்று அதே புதிய டேப்பால் அளந்த மற்றப் பதின்மூன்று கிணறுகளும் முந்திய வாரத்தோடும் பிந்திய வாரத்தோடும் விரல்கடை பிசகாமல் பொருந்தின. டேப் கெட்டிருந்தால் பதினான்கும் கெட்டிருக்க வேண்டும். அவற்றின் மேல் அன்று அவளுக்குச் சந்தேகம் எழவில்லை. எழாததால், அவை ஒன்பதாம் கிணற்றுக்குச் சாட்சி என்பதும் தோன்றவில்லை.

பட்டறைக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னபோது அண்ணன் உளியைக் கீழே வைத்தார்.

"அப்போ மோட்டார் ஓடினப்போ சதுப்புப் பக்கம் தண்ணி இறங்கியிருக்கு. பாறைச்சுவருமில்ல, ஒரு மண்ணுமில்ல! இது போதும்மா, கூட்டத்துல அந்த எண்ணை மட்டும் சொல்லிடு. கோடு கீடு எதையும் பேசாதே."

"கோட்டை மறைச்சுட்டு எண்ணை எப்படி அண்ணே காட்டுறது? கோடு அதும்மேலதான் இருக்கு."

"நீயே தப்புன்னு எழுதினதை நீயே சரின்னா கிழிச்சுடுவாங்க. இத்தனை வருஷம் நீ சேர்த்த பேரு ஒரே மத்தியானத்துல போயிடும்."

"போனா போகட்டும். தப்புப் பண்ணது நான்தானே, பக்கத்து வீட்டுக்காரியா?"

அண்ணி குறுக்கிட்டாள். "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே அப்பன் பிடிவாதம். பேசி முடிங்க, டீ ஆறுது."

மறுநாள் அவள் உதவிப் பொறியாளரிடம் போனாள். அவளைவிட இருபது வயது இளையவர். நல்லவர், எதற்கும் அஞ்சுபவர். மின்விசிறிக்குக் கீழே கோப்புகள் படபடக்க, அடித்தாளை இரண்டு முறை பார்த்தார்.

"அம்மா, இதை நீங்க சொன்னா என்ன ஆகும் தெரியுமா? ஒண்ணு தப்புன்னா மிச்ச பதினெட்டு வருஷமும் தப்புன்னு வாதாடுவாங்க. உங்களை இந்த வேலையிலிருந்து மாத்தச் சொல்லி மேலிடத்துக்கு எழுதுவாங்க. நீங்க பேசாம இருந்தா யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே சார். பதிவைப் பத்திப் பேச எழுத்துல அனுமதி வேணும்னு விதி இருக்கு. கடிதம் எழுதிட்டு வந்திருக்கேன். தேதியும் போட்டுட்டேன், உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

அவர் பேனாவைத் தேடினார். அவளே எடுத்துக் கொடுத்தாள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் நகரத்தின் அரசு அலுவலகத்தில் நடந்தது. ஏழு ஊர் மக்களும் பேருந்துகளில் வந்து இறங்க, நாற்காலிகள் போதாமல் பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். மேடையில் விசாரணை அதிகாரி அமர்ந்திருந்தார்; கண்ணாடி அணிந்த, அதிகம் பேசாத பெண்மணி. நிறுவனத்தார் மேசையில் வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள்.

"நம்ம ஊத்துத் தண்ணிக்கு ஒண்ணுமே ஆகாதுன்னு சொல்ல வந்தவங்க, குடிக்கிறதுக்குப் பாட்டில் கொண்டு வந்திருக்காங்க பாரு" என்று அண்ணி சொன்னது மூன்று வரிசைக்குக் கேட்டது.

அளவுக்காரியின் முறை வந்தது. அவள் முதலில் கோட்டைப் பற்றியே சொன்னாள். அதன் பிறகுதான் எண்ணைச் சொன்னாள். நிறுவனத்தின் நீரியல் நிபுணர் இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார்.

"அம்மா, இதைப் பிழைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான்."

"இப்போ சரின்னு சொல்றதும் நீங்கதான். நடுவுல என்ன மாறிச்சு? உங்க அண்ணன் கூட்டம் போட ஆரம்பிச்சார். அதுதானே?"

அவருடைய மேசையில் சிரிப்பு எழுந்தது. அவள் அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"நடுவுல உங்க அறிக்கை வந்துச்சு சார். நீங்க மோட்டார் ஓட்டின தேதி அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாது. டேப் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். அதே டேப்பால அன்னைக்கு அளந்த மத்த பதிமூணும் சரியா இருக்கு. அந்தப் பதிமூணையும் நீங்களே எடுத்துப் போட்டிருக்கீங்க, முந்நூத்திப் பத்தாம் பக்கம். பதிமூணு கிணத்துக்கு நல்ல டேப், ஒரு கிணத்துக்கு மட்டும் கெட்ட டேப்பா?"

இம்முறை சிரித்தது சுவரோரம் நின்றவர்கள்.

"நான் அளந்தது சரி. கோடு போட்டது தப்பு. அந்தத் தப்பு என்னோடது, அதை எழுதிக்கோங்க" என்றாள் விசாரணை அதிகாரியைப் பார்த்து. "அண்ணன் தங்கச்சின்னு என்மேல சந்தேகம் வந்தா, என்னை நம்பவே வேண்டாம். மோட்டாரை மறுபடி ஓட்டச் சொல்லுங்க. அதே மூணு நாள். இந்த சாரே வந்து, அவர் கருவியாலேயே அளக்கட்டும்."

நிபுணர் உட்கார்ந்துவிட்டார். மறுத்தால் அஞ்சுவதாகும், ஏற்றால் அளந்தாக வேண்டும். விசாரணை அதிகாரி இரண்டு வரி எழுதினார். ஒரு மாதம் கழித்து, கோடையில், சோதனை மறுபடி நடந்தது.

அந்தக் கோடையிலும் மோட்டார் ஓடத் தொடங்கும்வரை ஒன்பதாம் கிணற்றில் தண்ணீர் பதினொன்றரையில்தான் நின்றது. இரண்டாம் நாள் காலை கிணற்றருகே பத்துப் பேர் நின்றார்கள். நிபுணரிடம் மின்கருவி இருந்தது. கம்பியின் முனை தண்ணீரைத் தொட்டால் கீச்சென்று ஒலிக்கும். பதினொன்றரை மீட்டரைத் தாண்டிக் கம்பி இறங்கியது. ஒலி வரவில்லை. அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"பேசாதே அண்ணே. அவர் அளக்கிறார்."

கருவி ஒலித்தபோது நிபுணர் எண்ணை மனத்துக்குள் படித்துக்கொண்டார்.

"சத்தமா சொல்லுங்க சார், எழுதணும்."

"பன்னிரண்டு... பூஜ்யம் மூணு."

"இன்னும் ரெண்டு தடவை இறக்குங்க."

இறக்கினார். மாறவில்லை. பிறகு அவள் சாக்கட்டியைத் தேய்த்துத் தன் டேப்பை விட்டாள். ஒரு சென்டிமீட்டர்தான் வேறுபாடு. தாளில் அவரும் கையெழுத்திட்டார். பேனாவை மூடும்போது, "நீங்க எங்க படிச்சீங்க?" என்று கேட்டார். "இங்கதான் சார், இந்தக் கிணத்துலதான்" என்றாள் அவள்.

ஆணை வந்த அன்று பட்டறையில் நிற்க இடமில்லை. அண்ணன் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி, பத்தி பத்தியாக உரக்கப் படித்தார். ஏழாம் பத்தியில் பாறைச்சுவர் இல்லையென்று வந்தபோது கைதட்டல். அடுத்து, "ஒன்பது. ஆகவே..." என்று தொடங்கினார்.

"நில்லு அண்ணே. எட்டு எங்கே?"

"அது ஒண்ணுமில்லம்மா, சட்ட விஷயம்."

"சட்டம்னா எல்லாருக்கும்தானே? படி."

அண்ணன் தாளை மூக்கருகே கொண்டுபோனார். குரல் பாதியாகக் குறைந்தது. "எட்டு. ஒன்பதாம் எண் கிணற்றின் உண்மையான அளவு ஒன்று, அளவாளரின் தவறான முடிவால் இரண்டு ஆண்டுகள் கணக்கில் சேராமல் போயிற்று..."

"கேக்கலை. பின்னால நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்."

சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் குனியவில்லை, சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, அண்ணனின் முகத்தையே பார்த்தாள். அண்ணன் பெட்டியின் மேல் நிமிர்ந்து நின்று, எட்டாம் பத்தியை முதல் சொல்லிலிருந்து மறுபடி தொடங்கினார். தவறைத் தானே முன்வந்து சொன்னவரின் சாட்சியம் ஏற்கப்படுகிறது என்ற வரிவரை, ஒரு சொல் விடாமல், தெருவுக்குக் கேட்கும்படி படித்தார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, முகட்டில் சுரங்கம் வெட்டும் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்று சொல்லும் ஒன்பதாம் பத்திக்குப் போனார்.