ஹென்றி மாமாவின் நெஞ்சுச் சத்தம்

இந்தியாவுக்கே மணி சொன்னது ராயபுரம் ஹென்றி மாமாவின் நெஞ்சுதான். அதைக் கேட்டுத்தான் துறைமுகத்தில் கப்பல்கள் நங்கூரம் தூக்கும். மாதா கோயில் மணி அடிக்கும். சூரியனே அனுமதி வாங்கிக்கொண்டுதான் கடலைவிட்டு எழும்பும்.

மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். எழுபத்தொன்றாம் வருஷம், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் வாசலில் இருந்த கெட்டுப்போன வால்வை வெட்டியெடுத்து, கூண்டுக்குள் குண்டு ஓடுகிற வால்வு ஒன்றைத் தைத்தார்கள். அன்றிலிருந்து டக், டக். கடிகாரத்தை விழுங்கிவிட்டார் என்று தெருப் பிள்ளைகளை நம்ப வைத்தவள் நான்தான். பூசையில் எல்லாரும் மௌனமாகும்போது மாமா மட்டும் டக் டக். "சாமியார் இன்னாத்துக்கு மொறைக்கிறாரு? நானா அடிக்கிறேன்?" என்பார்.

எழுபத்து நாலில் நெஞ்சுவலி வந்தது. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்களைப் பார்க்கத் தொடை வழியாக டியூப் விட்டார்கள். பழைய தையலின் தழும்பு அவற்றில் ஒன்றின் வாயை இறுக்கியிருந்தது. டியூப் நுழையவில்லை, மாமாவின் மூச்சு நின்று திரும்பியது. தொடையில் ரத்தம் நிற்காததால், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையையும் நிறுத்தினார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது மாமாவின் மனைவி ஹில்டா அத்தையிடம் டாக்டர் சொன்னார்: "மாத்திரை இல்லாம குண்டுல ரத்தம் கட்டிக்கலாம். சத்தம் மந்தமானா உடனே கொண்டு வாங்க."

எங்கள் சுவர்க் கடிகாரமோ மாமாவைவிடச் சத்தமானது. யாரும் பார்க்காதபோது அதை நிறுத்தி, சாவியை ஜெபமாலைப் பையில் ஒளித்தேன். "ஸ்பிரிங் போச்சு மாமா" என்றேன்.

"அதுக்காவது போச்சே" என்று சிரித்தார்.

மூன்று நாள் கட்டிலருகே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினேன். கல் ஒன்றும் கிடைக்கவில்லை. காது வேலையாக இருந்தது. மூன்றாம் நாள் மதியம் அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள். டக் என்பது துணி சுற்றிய சுத்தியல் மாதிரி, டப் என்றது. மறுபடி டப். முறத்து அரிசி கொட்டியது.

"பிஸ்கோத்து வாங்கிக்கினு வரேன் மாமா" என்று எழுந்தேன்.

"ஐரீனு."

திரும்பினேன். மாமாவின் உதடு வெளுத்திருந்தது.

"ஒரு கால்ல உன் செருப்பு, ஒரு கால்ல என் செருப்பு. பிஸ்கோத்து வாங்கவாடி இந்த ஓட்டம்? ஜெபமாலைப் பையில கீற கடியாரச் சாவிய அங்க வெச்சிட்டு டாக்ஸியக் கூப்புடு. எனக்கும் காலைலேர்ந்து நெஞ்சு டக் டக் சரியா கேக்கல."