ஓடும், ஆனால் ஓட்டக்கூடாது

போன வாரம் அடித்த காற்றில் உங்கள் ஊரில் என்னென்ன விழுந்தது என்று தெரியாது. எங்கள் பக்கத்தில் என் கௌரவம் விழுந்தது. அதற்குச் சற்று முன்பாக ஒரு தூங்குமூஞ்சி மரமும்.

மரம் விழுந்தது அம்மையார்குப்பத்தில், என் மனைவியின் தம்பி முனிரத்தினத்தின் தறி ஷெட் மேல். திருத்தணியில் நான் காலைக் காபியை ஆற்றிக்கொண்டிருக்கிறேன்... போன்.

"பாவா, எயிந்துட்டீங்களா? மரம் ஷெட்டு மேல படுத்துகினு கீது பாவா! நேத்துதான் பாவு ஏத்தினேன் பாவா. பாவு நனைஞ்சா போச்சு பாவா!"

எங்கள் ஆந்திர எல்லைப் பக்கத்தில் அக்கா புருஷன் பாவா. தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல் பாவு. இரண்டையும் ஒரே மூச்சில் போட்டு ஒருவன் கதறினால், நனைந்தது யார் என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆகிறது.

நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு பெரிய கிளை கூரை ஷீட்டைப் பொத்துக்கொண்டு, சரியாகத் தறிக்கு மேலே இறங்கி நிற்கிறது. கஞ்சி போட்ட பாவு. தண்ணீர் பட்டால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அது நூல் இல்லை, அப்பளம். கிளையை எடுக்காமல் ஓட்டையை மூட முடியாது. கோடாலி போட்டால் அதிர்வில் மிச்சக் கூரையும் தறி மேல் வந்துவிடும். மெஷின் வைத்து மரம் அறுக்கிறவர்கள் எல்லாரும் மெயின் ரோட்டில் விழுந்த மரங்களோடு இருக்கிறார்கள், நாளைக்குத்தான் வருவார்களாம். வானமோ, நாளை வரை காத்திருக்கிற முகத்தோடு இல்லை.

"அதான் பாவா... உங்க கிட்ட ஏயெட்டு மெஷின் கீதே. ஒண்ணு எடுத்துகினு வாங்க."

போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று அவன் இரண்டு முறை "அலோ" சொன்னான்.

இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்கு என் வியாதி தெரியும். புதியவர்களுக்கு: நான் பழைய செயின்சா சேகரிக்கிறவன். பெட்ரோலில் ஓடுகிற, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற, மரம் அறுக்கிற ரம்பம். சிலர் நாணயம் சேர்க்கிறார்கள், சிலர் வீட்டு மனை சேர்க்கிறார்கள். நான், கனகம்மாசத்திரத்தில் வண்டி பஞ்சராகி நின்ற ஒரு மத்தியானம் பக்கத்துக் காயலான் கடைக்குள் தலையை நீட்டினேன். நீட்டிய தலை இன்னும் வெளியே வரவில்லை.

மனைவி கோமதி கண்ணாடி அலமாரி கேட்ட இடத்தில் இப்போது ரம்ப அலமாரி. மலைக்கு வருகிற சொந்தக்காரர்கள், மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசி, இறங்கி வந்து எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார்கள். சாப்பிட்டுவிட்டு அலமாரி முன்னால் நின்று எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"இது ஓடுமாங்க?"

"ஓடும். ஆனா ஓட்டக்கூடாது."

சந்தன மொட்டைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். வெயிலில் படியேறி வந்தவர்களிடம் விளக்கமா சொல்ல முடியும்?

எங்கள் உலகத்துச் சட்டம் அப்படி. என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. கோயம்புத்தூரில் ஒரு பல் டாக்டர், குன்னூரில் ஒருவர், பெங்களூரில் இன்னொருவர்... இந்த மாதிரி. அங்கே உச்சபட்ச மரியாதை எதற்குத் தெரியுமா? இதுவரை மரத்தையே தொடாத ரம்பத்துக்கு. "நாக்கில் மரம் படாதது" என்று சொல்வோம். அப்படி ஒன்று என்னிடம் இருந்தது. மூடிப்போன எஸ்டேட் ஒன்றின் குடோனில் எண்ணெய்த் தாள் சுற்றிக் கிடந்தது. சிவப்பு பெயிண்ட்டில் ஒரு கீறல் கிடையாது. குரூப்பில் என் பெயரே யாருக்கும் தெரியாது. "அந்த சிவப்பு வெச்சிருக்கறவர்" என்றால்தான் தெரியும்.

போனில் மெதுவாக ஆரம்பித்தேன். "முனி, அதெல்லாம் பழைய மெஷின்... சும்மா பாக்கறதுக்குத்தான்..."

பின்னால் கோமதி வந்து நிற்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

"மரம் அறுக்காத ரம்பத்துக்கு இன்னாங்க பேரு?"

"கலெக்‌ஷன்."

"அங்க என் தம்பிக்குப் பாவு நனையப் போவுது. இங்க உங்களுக்குப் பெயிண்ட்டு நனையுதா?"

சரி, இருப்பதில் மட்டமானதை எடுத்துப் போவோம் என்று ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன். நாலில் நெருப்புப் பொறியே வரவில்லை. ஒன்றில் பெட்ரோல் ஊற்றினால் ஊற்றிய வேகத்தில் தரைக்கு வந்தது. இன்னொன்றுக்குள் இன்ஜினே கிடையாது. அதை வாங்கும்போது எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அலமாரியில் உடம்பு நன்றாக இருந்தது ஒன்றே ஒன்று. சிவப்பு.

ஸ்கூட்டரில் நான் முன்னால். கோமதி பின்னால். அவள் மடியில், போர்வை சுற்றிய சிவப்பு. ஆர்.கே.பேட்டை ரோடு முழுக்கக் கிளைகள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் "பார்த்து, பார்த்து" என்றேன். "எனக்கு ஒண்ணும் ஆவலங்க" என்றாள். அவளைச் சொல்லவில்லை என்று நான் சொல்லவில்லை.

ஷெட் வாசலில் தெருவே நின்றிருந்தது. எதிர்வீட்டு அம்மா போர்வையைப் பார்த்துவிட்டு, "இன்னா கோமதி, பேரக்கொயந்தையா?" என்றார்.

"இல்லக்கா. சக்களத்தி."

ஆயில் கலந்த பெட்ரோல் ஊற்றினேன். சோக் போட்டேன். கயிறு இழுத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தேன். ஒரு இருமல், அவ்வளவுதான். தோள்பட்டை கழன்றுவிடும் போல ஆகும்வரை இழுத்தேன். கார்பரேட்டர் பற்றி குரூப்பில் நான் எழுதியதைத் தொகுத்தால் புத்தகமே போடலாம். புத்தகத்தால் கயிறு இழுக்க முடியுமா?

"தள்ளி வுட்டா ஸ்டார்ட்டு ஆவுமா சார்?" என்றார் பக்கத்துத் தறிக்காரர். அக்கறையோடுதான் கேட்டார். அதுதான் அதிகம் வலித்தது.

முதல் தூறல் ஷீட் மேல் பொட்டுப் பொட்டென்று விழுந்தது. முனிரத்தினம் உள்ளே ஓடி, தறி மேல் போட்டிருந்த தார்ப்பாயை இழுத்து இழுத்து விட்டான். கிளை இறங்கியிருந்த இடத்தில் தார்ப்பாய் நிற்கவில்லை.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பொறி வருகிறது. பெட்ரோலும் வருகிறது. பின்னே என்ன கேடு?

"ஏங்க, அது மூக்குல இன்னா அடைச்சிகினு கீது?" என்றாள் கோமதி.

புகை வெளியே போகிற ஓட்டை. அதைத்தான் மூக்கு என்கிறாள். குனிந்து பார்த்தேன். மஞ்சளாக, கல் மாதிரி, விளிம்பு வரை நிறைந்து, நடுவில் குங்குமத்தோடு...

சந்தனம்.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அலமாரி மொத்தத்துக்கும் பொட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

"நீதானே வெச்ச?" என்றேன்.

"மெஷினுக்கு நெத்தி எதுன்னு நான் கேட்டேன். நீங்கதான் இத்த காட்டினீங்க."

உண்மை. அலமாரியில் முன்பக்கம் பார்த்து இருந்தது அந்த ஓட்டைதான். பார்க்க நெற்றி மாதிரியே இருந்தது.

ஊரில் எல்லா மெஷினுக்கும்தான் பொட்டு வைக்கிறார்கள். தறிக்கு, லாரிக்கு, மாவு மில்லுக்கு. பூஜை முடிந்து மெஷின் ஓட ஆரம்பித்தால் பொட்டு உதிர்ந்துவிடும். என்னுடையதுக்கு மட்டும் பூஜை முடியவே இல்லை. போன வருஷத்துப் பொட்டு மேல் இந்த வருஷத்துப் பொட்டு... ஓடுகிற மெஷினுக்கு அது அலங்காரம். ஓடாத மெஷினுக்கு அடைப்பு.

ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். கட்டி கட்டியாக வந்தது. கயிறு இழுத்தேன். மிச்சமிருந்த சந்தனத்தை மொத்தமாக என் முகத்தில் துப்பிவிட்டு, சிவப்பு எழுந்தது.

"திருத்தணிக்காரர் இல்ல... பூசிகினுதான் வேலைய ஆரம்பிப்பாரு" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

மேலே ஏறிவிட்டேன். வேறு யாரிடமும் மெஷினைக் கொடுக்க மனசு வரவில்லை. இத்தனைக்கும் நான் வாழ்க்கையில் வெட்டியதிலேயே பெரியது பலாப்பழம். நாலு பேர் கிளையைக் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். செயின் சுற்றுகிறது. மரத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி.

கை இறங்கவில்லை.

இறக்கினால் முடிந்தது. அப்புறம் அது சாதாரண ரம்பம். நானும் சாதாரண ஆள். குரூப்பில் எனக்கு ஒரு பெயர் தேட வேண்டியிருக்கும்.

கீழே, ஓட்டை வழியாக முனிரத்தினம் தெரிந்தான். தார்ப்பாய் நிற்காத இடத்தில் தன் முதுகைக் குனிந்து வைத்து, தூறலை வாங்கிக்கொண்டிருந்தான். அண்ணாந்து என்னைப் பார்த்தான். புரிந்துகொண்டான் போல.

"பாவா... கஸ்டமா கீதுன்னா வேணாம் பாவா. வுட்டுடுங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இறக்கினேன். தூள் பறந்தது, கண்ணில், வாயில், சட்டைக்குள். நேராக அறுத்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்த வெட்டைப் பார்த்தால் எலி கடித்தது என்பீர்கள். ஆனால் கிளை கயிற்றில் தொங்கியது, மெல்ல இறங்கியது. ஓட்டை மேல் ஷீட் போட்டு, கல் வைத்து முடிக்கவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது.

உள்ளே முனிரத்தினம் தார்ப்பாயை விலக்கி, புறங்கையால் பாவை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடவினான். ஓரத்தில் கொஞ்சம் ஈரம். மற்றபடி காய்ந்திருந்தது.

"நனையல பாவா" என்றான். இந்தத் தடவை மெதுவாக.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பெயிண்ட் உரிந்து, மரப்பால் ஒட்டி நிற்கிற சிவப்பைப் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டேன். "இன்று மரம் அறுத்தேன்" என்று ஒரு வரி. நேர்மைதான் முக்கியம் இல்லையா?

அழுகிற பொம்மைகள் வரிசையாக வந்தன. "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றார் பெங்களூர். பல் டாக்டர் இதை ஒரு வரலாற்றுக் குற்றம் என்று நீளமாக எழுதினார். குன்னூர்க்காரர் குரூப்பை விட்டே வெளியேறினார்.

கொஞ்ச நேரத்தில் தனியாக ஒரு மெசேஜ். பல் டாக்டர்.

"சார், சும்மா கேக்கறேன்... மரத்துல வெச்சதும் எப்படி இருந்துச்சு? குரூப்ல சொல்லிடாதீங்க."

அடுத்தது பெங்களூர். அதே கேள்வி. அப்புறம், வெளியேறிப்போன குன்னூர்.

பதில் எழுத உட்கார்ந்தேன். கை இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. விரல் ஒரே எழுத்தில் விழுந்து, 'ர்ர்ர்ர்ர்ர்' என்று மூன்று பேருக்கும் போய்விட்டது.

அழிக்கவில்லை. அதைவிடச் சரியாக எனக்கு எழுத வராது.