குழுவில் பழகிய குரல்கள்

"மேடம், என் பேரைக் குழுவிலேர்ந்து எடுத்துடுங்க. நான் படிப்பை விட்டுடறேன்." குத்தாலத்திலிருந்து குழுவிலேயே இந்தச் செய்தி வந்த காலையில் தஞ்சாவூரில், எங்கள் தொலைநிலைக் கல்வி மையத்தில், நானும் ஒருங்கிணைப்பாளர் அம்மாவும் வேலையாக இருந்தோம். எழுதியவர் பொருளியல் படித்துக்கொண்டிருந்த, விவசாயக் குடும்பத்து மருமகள். புள்ளியியல் தாளில் தவறிவிட்டிருந்தார்.

அந்த வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கியவர் ஒருங்கிணைப்பாளர் அம்மாதான். அஞ்சலில் புத்தகம் போய்ச் சேர்ந்ததோடு மாணவர்கள் காணாமல் போவது அவருக்குப் பொறுக்கவில்லை. ஆனால் குழுவில் காலை வணக்கப் படங்களைத் தவிர ஒன்றும் வரவில்லை. எழுதத் தயங்குகிறவர்கள் பேசியே அனுப்பலாம் என்றார். வாரம் ஒரு கேள்வி போட்டார். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டால் கடைமடைக்காரர் என்ன செய்வார் என்று கேட்டபோது, வயலில் நின்றபடியே முதல் பதிலைப் பேசி அனுப்பியவர் இந்தக் குத்தாலத்துப் பெண். பின்னால் டிராக்டர் சத்தம். அதன் பிறகுதான் மற்றவர்களுக்கும் கூச்சம் விட்டது.

அவரே போகிறேன் என்றதும் நான் ஆறுதலாக ஏதோ எழுதப் போனேன். அம்மா தடுத்தார். "நீங்க சொன்னா அது ஆபீஸ் பதில். கொஞ்சம் பொறுங்க, குழுவில இருக்கறவங்க பேசட்டும்."

மதியம்வரை யாரும் பேசவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மா சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டார். ஆனாலும் கைபேசியைத் தொடவில்லை.

பிறகு, பூம்புகாரில் மீன் ஏலம் எடுக்கும் மாணவரின் குரல் வந்தது. "அக்கா, எனக்கும் அதே பேப்பர்தான் போச்சு. நீங்களும் போயிட்டா நான் யார்கிட்ட கேக்குறது?" குவைத்தில் வண்டி ஓட்டும் மன்னார்குடிக்காரர், குத்தாலத்து அக்காவின் பதில்களைக் கேட்டுத்தான் தனக்குப் பாடமே புரிகிறது என்றார். தரங்கம்பாடி மாணவி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்ததும் எல்லோருமாகக் கணக்குப் போடலாம் என்றாள். மாலையில் குத்தாலத்திலிருந்து ஒரே வரி வந்தது: "ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு?"

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பட்டம் வாங்கும் நாளில்தான் அவர்கள் முதன்முதலாக நேரில் வந்தார்கள். ஒருவருக்கும் மற்றவர் முகம் தெரியாது. மண்டப வாசலில் "கொஞ்சம் வழி விடுங்க" என்று ஒரு பெண் சொன்னதும், முன்னால் நின்றவர் சட்டென்று திரும்பினார்.

"அக்கா, நீங்களா?"

ஓய்வு பெற்றிருந்த அம்மாவும் வந்திருந்தார். யாரும் அறிமுகம் செய்துவைக்காமலே அவர்கள் ஒருவரையொருவர் குரலால் கண்டுகொண்டு சிரிப்பதைத் தூண் ஓரமாக நின்று பார்த்தார். இன்று அந்தக் குழு என் பொறுப்பில் இருக்கிறது. யார் கேட்டாலும் அதைத் தொடங்கியவர் இன்னார் என்று சொல்கிறேன்; அவரோடு வேலை பார்த்தவன் நான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.