சோயா என்று சொன்னது

மகன் தோசைக்கல்லில் சாசேஜை உருட்ட, அந்தப் புகைவாசம் என்னைப் பத்து வயதில், கோவில்பட்டி வீட்டு அடுக்களையில் கொண்டுபோய் நிறுத்தியது.

முட்டைகூட நுழையாத வீடு அது. துபாயிலிருந்து வந்த சித்தப்பா ஒரு சாசேஜ் டப்பாவைத் திறந்து, "சோயாவுல செஞ்சது மதினி" என்று அம்மாவை நம்பவைத்து, கல்லில் நல்லெண்ணெய் ஊற்றிச் சிவக்க வாட்டினார். தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்த அப்பா ஒரு கடி கடித்தார்.

"ஏலே, இது கோழில்லா" என்றார்.

சித்தப்பாவின் முகம் வெளுத்தது. அம்மா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அப்பாவைக் கேட்டாள்.

அப்பா விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. கல் மட்டும் சடசடத்தது.

"சோயாதாம்மா" என்று இப்போது மகன் ஒரு துண்டை நீட்டினான். கடித்ததுமே தெரிந்துவிட்டது, கோழி. அம்மாவின் கேள்வி நினைவுக்கு வர, பேசாமல் மென்றேன்.