நான் அழகாக்கிய நான்கு பக்கங்கள்

அந்த வேலையை எனக்குக் கொடுத்தபோது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. பதினோரு வருடங்களாக மென்பொருள் நிறுவனங்களில் கையேடு எழுதிப் பிழைப்பவன் நான். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், சம்பளத்துக்கு ஆங்கிலம் என்று மைசூரிலேயே வளர்ந்து, அக்ரஹாரத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்துகொண்டு, ஊருக்கு வெளியே இருந்த அலுவலகத்துக்கு தினமும் ஸ்கூட்டரில் போய்வந்துகொண்டிருந்தேன். புதிதாக எதையாவது எழுதச் சொல்வார்கள் என்று நான் காத்திருந்த நேரத்தில், எங்கள் மேலாளர் என்னை அழைத்து, பழைய உதவிப் பக்கங்கள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்க வேண்டும் என்றார்.

"எதுவும் எழுத வேண்டாம். ஒழுங்கு பண்ணினால் போதும்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, அது எனக்கு ஓய்வு கொடுப்பது மாதிரி சிரிக்கவும் செய்தார்.

எங்கள் மென்பொருள் கோப்புகளைப் பிரதி எடுத்து வேறிடத்தில் பத்திரமாக வைக்கும். ஏதாவது தொலைந்தால் மீட்டுத் தரும். அதில் படமோ, அழுத்துவதற்குப் பொத்தானோ கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு கமாண்டைத் தட்டச்சு செய்தால் அது வேலை செய்யும். எந்தக் கமாண்டை எப்படி எழுதுவது என்று சொல்ல, ஒவ்வொன்றுக்கும் ஓர் உதவிப் பக்கம் உண்டு. பல வருடங்களில் பல பேர் எழுதிவிட்டுப் போன பக்கங்கள் அவை. ஒருவர் கோப்பின் பெயர் வரவேண்டிய இடத்தைக் கூர் அடைப்புக்குள் போட்டிருப்பார், அடுத்தவர் பெரிய எழுத்தில் போட்டிருப்பார், இன்னொருவர் சாய்த்து எழுதியிருப்பார். ஒரு பக்கத்தில் எச்சரிக்கை மேலே இருக்கும், ஒரு பக்கத்தில் கடைசியில், சில பக்கங்களில் இருக்கவே இருக்காது. ஆப்ஷன்களுக்கு முன்னால் இரண்டு ஹைபன் போட வேண்டும். யாரோ ஒருவர் எழுதிய செயலி அந்த இரண்டையும் சேர்த்து ஒரே நீளக் கோடாக மாற்றி வைத்திருந்தது. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதை அப்படியே எடுத்து ஒட்டினால் கமாண்ட் வேலை செய்யாது.

முதல் வாரம் வேண்டாவெறுப்பாகச் செய்தேன். இரண்டாவது வாரம், எனக்கே தெரியாமல், ருசி வந்துவிட்டது. எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தலைப்புகள், ஒரே வரிசை. முதலில் பெயர், அப்புறம் எழுதும் முறை, எச்சரிக்கை, ஆப்ஷன்கள், எடுத்துக்காட்டுகள். நீளக் கோடுகளை மறுபடி இரண்டு ஹைபனாக்கினேன். ஒரு பக்கத்தை முடித்து நாற்காலியைப் பின்னால் தள்ளிப் பார்க்கும்போது, துவைத்து மடித்து வைத்த துணி மாதிரி இருக்கும். மிகச் சிக்கலான நான்கு பக்கங்களை மட்டும் தனிக் கவனத்தோடு செய்தேன். அவற்றின் ஆப்ஷன்களை ஹைபன், செங்குத்துக் கோடு, மூலைக்கு பிளஸ் குறி என்று வரைந்த கட்டங்களுக்குள் அடுக்கினேன். அந்த நான்கையும் அச்செடுத்து என் மேசைக்கு மேல் குத்தி வைத்திருந்தேன்.

அடுத்த வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. பயனர்கள் புகார் எழுதும் முகவரிக்கு வந்து, அங்கிருந்து என்னிடம் தள்ளப்பட்டது. ஆங்கிலத்தில் நான்கே வரிகள்: சமீபத்தில் முப்பது பக்கங்கள் மாறியிருக்கின்றன. இருபத்தாறு பக்கங்களில் என் வேலை வேகமாகிவிட்டது, நன்றி. கீழ்க்கண்ட நான்கு பக்கங்களை என்னால் பயன்படுத்தவே முடியவில்லை. பழையபடி மாற்ற இயலுமா?

அந்த நான்கும் என் மேசைக்கு மேல் குத்தியிருந்த நான்கு.

அஞ்சலின் அடியில், தான் ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துவதாக ஒரு குறிப்பு இருந்தது. கண் தெரியாதவர்களுக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள் அது. அப்படி ஒன்று உண்டு என்று எனக்குத் தெரியும். நான் நிரப்பும் படிவங்களில் அதற்கு ஒரு கட்டமும் உண்டு, டிக் போட்டுவிடுவேன். எழுதியவர் ஒரு பெண். முகவரி மைசூர். தொலைபேசி எண்ணும் இருந்தது. அழைத்து ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்து என் பெயரைச் சொன்னதும் மறுமுனை தமிழுக்கு மாறியது.

"தமிழா சார் நீங்க? சரி சரி."

"அந்த நாலு பக்கத்துல என்ன கஷ்டம்னு சொன்னீங்கன்னா சரி பண்ணிடுவேன் மேடம்."

"சொன்னா புரியாது சார். ஆபீசுக்கு வாங்க."

"வந்து பாக்கறேன்."

"பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. கேக்கறதுக்கு வாங்க."

அவருடைய அலுவலகம் தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்புறம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. காலை பதினோரு மணி. வாசலை அடைத்துக்கொண்டு வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்து மேலே ஏறினேன். சில கிளினிக்குகள், பள்ளிகளின் கணினிகளை இருந்த இடத்திலிருந்தே கவனித்துக்கொள்ளும் சிறிய நிறுவனம் அது. அஞ்சல் எழுதிய அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். காட்டன் புடவை, ஒரு காதில் மட்டும் சின்ன இயர்போன். மேசையில் விசைப்பலகை இருந்தது. அதற்கு முன்னால் ஒரு ஸ்கேல் நீளத்தில் ஏதோ ஒரு கருவி. மானிட்டர் இல்லை.

நான் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"மானிட்டர் பீரோல இருக்கு சார். உங்களுக்கு வேணும்னா எடுத்து வைக்கச் சொல்றேன்."

"வேணாம் மேடம். கேக்கறேன்."

இயர்போனைக் கழற்றி ஸ்பீக்கரைப் போட்டார். விரல்கள் நகர்ந்தன. அறைக்குள் ஒரு சத்தம் புறப்பட்டது. மிக்ஸியில் ஏதோ அரைபடுவது போல. ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை. அவர் தலையை லேசாகச் சாய்த்து, நாம் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்பது மாதிரி சாதாரணமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது என்ன பாஷை மேடம்?"

"இங்கிலீஷ்தான் சார். நீங்க எழுதினதுதான்."

சிரித்துக்கொண்டே வேகத்தைக் குறைத்தார். குறைத்த பிறகும் எனக்கு மூச்சு முட்டியது. என்னுடைய நான்கு பக்கங்களில் முதலாவதை எடுத்தார். அந்தக் குரல் தெளிவாக, சலிப்பே இல்லாமல் சொல்ல ஆரம்பித்தது: பிளஸ், நாற்பத்தெட்டு ஹைபன், பிளஸ், செங்குத்துக் கோடு, ஆப்ஷனின் பெயர், செங்குத்துக் கோடு, விளக்கத்தில் பாதி, செங்குத்துக் கோடு. அடுத்த வரியில் மறுபடியும் கோடு, வெற்று இடம், கோடு, விளக்கத்தின் மீதி. அப்புறம் மறுபடியும் பிளஸ், நாற்பத்தெட்டு ஹைபன், பிளஸ்.

"உங்களுக்கு இது பொட்டி. எனக்கு செவுரு" என்றார்.

"இந்த நாலும்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பக்கங்க, மேடம்."

"ஹௌதா, அப்படியா? அதான் இவ்வளவு கவனமா கட்டியிருக்கீங்க."

எனக்கு முகம் சுட்டது. அவர் அதோடு விடாமல், மற்ற இருபத்தாறு பக்கங்களையும் காட்டினார். அதுதான் என்னை அசைத்துவிட்டது. என் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று மட்டும் நான் செய்தவை அவை. அவர் அவற்றுக்குள் நடமாடுவதைக் கேட்டேன். ஒரு விசையைத் தட்டினால் ஆப்ஷன்கள். இன்னொன்றைத் தட்டினால் எடுத்துக்காட்டு. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு, எங்கும் தடுமாறாமல்.

"எல்லா வீட்லயும் ஸ்விட்ச் போர்டு கதவுக்கு வலது பக்கமே இருந்தா எப்படி இருக்கும் சார்? அப்படி இருக்கு இப்போ. உள்ள கால வச்சதும் கை தானா போகுது."

பிறகு அந்த நீளக் கோட்டைப் பற்றிச் சொன்னார். "முன்ன ரெண்டு ஹைபன் வர வேண்டிய எடத்துல ஏதோ ஒரு கோடு இருந்துச்சில்ல, அத என் மெஷின் வாய் திறந்து சொல்லாது. சும்னே, சும்மா ஒரு மூச்சு விடும், அவ்வளவுதான். அந்த மூச்சுதான் ஆப்ஷன்னு நான் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் ஆச்சு."

ஒரு மூச்சை வைத்து ஒரு பிழையைக் கண்டுபிடித்திருக்கிறார். நானோ அந்தக் கோட்டை வருடக்கணக்கில் பார்த்தும் பார்க்காமல் கடந்திருக்கிறேன்.

விசைப்பலகைக்கு முன்னால் இருந்த கருவி பிரெயில் காட்டுவது. திரையில் வரும் வரி, அதில் சின்னச் சின்ன முட்களாக எழும்பும். அடுத்த வரி வந்ததும் அடங்கி வேறு மாதிரி எழும்பும். அவர் ஆள்காட்டி விரலால் ஒரு வரியைத் தடவிக்கொண்டே போய், கடைசியில் நிறுத்தினார்.

"இங்க வரி முடிஞ்ச பிறகு ஒரு ஸ்பேஸ் சும்மா இருக்கு சார்."

வெள்ளைத் தாளில் வெள்ளையாக இருக்கும் ஒன்று அது. அதைத் தொட்டுச் சொல்கிறார்.

அப்போதுதான் அவருடைய தொலைபேசி அடித்தது. ஒரு கிளினிக்கிலிருந்து. முந்தின நாள் எடுத்த எக்ஸ்ரே படங்களின் ஃபோல்டரைக் காணவில்லை, யாரோ தவறுதலாக அழித்துவிட்டார்கள், நோயாளிகள் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மறுமுனையில் ஒரு பெண் படபடத்தாள். "ஐந்து நிமிஷம் கொடுங்க" என்று கன்னடத்தில் சொல்லி வைத்துவிட்டு, எங்கள் மென்பொருளைத் திறந்தார். மீட்டெடுக்கும் கமாண்டின் உதவிப் பக்கத்தைக் கூப்பிட்டார். குரல் பழைய வேகத்துக்குப் போனது. சட்டென்று ஓரிடத்தில் நிறுத்தி, "ம்" என்றார். ஒரு வரி பின்னால் போய் அதே இடத்தை மறுபடி கேட்டார். தட்டச்சு செய்தார். கேட்டார். எண்டர்.

கொஞ்ச நேரம் கீழே தெருவிலிருந்து ஆட்டோ ஹாரன் மட்டும் கேட்டது. அப்புறம் குரல் இரண்டு சொல் சொன்னது.

"ஆய்த்து" என்றார் அவர். முடிந்துவிட்டது.

எங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். எச்சரிக்கையில் என்றார். அந்தக் கமாண்டைச் சாதாரணமாகக் கொடுத்தால் பழைய கோப்புகள் திரும்ப வரும். ஆனால் அந்த ஃபோல்டர் இருக்கும் இடத்தில் அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்தவை எல்லாம் போய்விடும். அதாவது அன்று காலை எடுத்த படங்கள். அவற்றை விட்டுவைக்க ஓர் ஆப்ஷனைச் சேர்க்க வேண்டும். முன்பு இந்த எச்சரிக்கை பக்கத்தின் அடியில், எடுத்துக்காட்டுகளுக்கும் கீழே இருந்தது. நான்தான் மேலே ஏற்றினேன். மற்ற பக்கங்களில் மேலே இருந்தது, இதிலும் மேலே இருக்கட்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் எதுவும் இருக்கவில்லை.

"அது இல்லாட்டியும் நான் செக் பண்ணியிருப்பேன் சார்" என்றார். "ஆனா பயந்துகிட்டு செக் பண்றது வேற. தெரிஞ்சுகிட்டு செக் பண்றது வேற."

படியிறங்கி வந்து ஸ்கூட்டரைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். வாழைத்தார்கள் போய் அந்த இடத்தில் பூமூட்டைகள் வந்திருந்தன. எத்தனை பேர் என் பக்கங்களுக்குள் நடந்துகொண்டிருக்கிறார்கள், யார் எந்தப் புலனால் நடக்கிறார்கள் என்று எனக்கு எதுவும் தெரியாது என்பது அன்றுதான் உறைத்தது.

மறுநாள் மேலாளரிடம் அந்த நான்கு பக்கங்களையும் பிரித்துப்போட வேண்டும் என்றேன். "அழகாகத்தானே இருந்தன?" என்று கேட்டார். அந்த நான்கில் ஒன்றைத் திறந்து, என் மடிக்கணினியில் ஸ்கிரீன் ரீடர் வாசிப்பானை ஓடவிட்டேன். மூன்றாவது முறை நாற்பத்தெட்டு ஹைபன் வந்ததும், "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றார். எனக்கு வேண்டிய காலத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அதன் பிறகு புதன்கிழமை மத்தியானங்களில் அந்த அம்மாவோடு தொலைபேசியில் பேசி விதிகளை ஒவ்வொன்றாக எழுதினேன். எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை. எடுத்துக்காட்டுகளில் கமாண்டுக்கு முன்னால் டாலர் குறி போடுவது வழக்கம். எது நாம் தட்டச்சு செய்வது, எது கணினி பதிலாகச் சொல்வது என்று பிரித்துக் காட்ட. அதை எடுக்கச் சொன்னார்.

"ஒவ்வொரு வரிக்கும் டாலர் டாலர்னு கேட்டு காது புளிச்சுப் போச்சு சார்."

"புதுசா வர்றவங்களுக்கு அது இல்லாட்டி கொழப்பமாயிடும் மேடம்."

இரண்டு வாரம் இழுத்தோம். மூன்றாவது புதன்கிழமை அவரே அழைத்து, கமாண்டுக்குத் தனித் தலைப்பு, பதிலுக்குத் தனித் தலைப்பு போட்டுவிட்டால் குறியே தேவையில்லையே என்றார். அப்படிப் போட்டதும், கண்ணால் படிப்பவர்களிடமிருந்து வந்துகொண்டிருந்த சந்தேகங்களும் குறைந்துவிட்டன. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்கு அது தோன்றியதில்லை.

மொத்தம் இருநூறுக்கு மேற்பட்ட பக்கங்கள். முடிக்க எட்டு மாதங்கள் ஆயின. கடைசிப் பக்கத்தை அனுப்பிய நாளில், அலுவலகத்தில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, என் மானிட்டரை அணைத்துவிட்டு வாசிப்பானை மட்டும் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கமாண்டைச் செய்து பார்க்க உட்கார்ந்தேன். நானே எழுதிய விதிகள், நானே ஒழுங்கு செய்த பக்கம். வேகத்தை அவர் வைத்திருந்ததில் கால்வாசிக்குக் குறைத்தேன். இருந்தும் சில வரிகளுக்குள் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து கேட்டேன். மறுபடியும் அதே இடத்தில் தொலைந்தேன். எல்லாரும் சாப்பிட்டுத் திரும்பியபோது நான் இருண்ட திரைக்கு முன்னால் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் புதன்கிழமை அவரிடம் இதைச் சொன்னேன்.

"எத்தனாவது வரியில விட்டீங்க?" என்று கேட்டார்.

"எழுதும் முறைக்குக் கீழ, நாலாவது வரி."

"எந்தப் பக்கம்?"

பக்கத்தின் பெயரைச் சொன்னேன். அவர் எதையும் திறக்கவில்லை. விசைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஒரு நொடி யோசித்தார்.

"அங்க ஒரு கமா அதிகமா விழுந்திருக்கு சார். அதுல நானும் ஒரு தடவ தடுக்கினேன். சொல்ல மறந்துட்டேன்."

போனைக் காதில் வைத்துக்கொண்டே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இருந்தது.